10 கிலோ வாளி, நாலு கப்பி: திரையில் 2.5, மொட்டை மாடியில் 3.7

நான்கு கப்பி மாட்டி 10 கிலோ வாளியைத் தூக்க எவ்வளவு இழுக்க வேண்டும்? பள்ளிப் புத்தகம் 2.5 கிலோ என்கிறது. கணினியில் கட்டிப் பார்த்தால் அதுவும் 2.5 என்றே சொல்கிறது. பெங்களூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் ஸ்டாண்டில் கப்பிகளை மாட்டி இழுத்தபோது தராசு 3.7 காட்டியது. இறக்கும்போது 1.6. நடுவில் நிறுத்திப் பிடித்தால் இந்த இரண்டுக்கும் இடையில் எந்த எண் வேண்டுமானாலும் வருகிறது.

இந்த வித்தியாசத்தைக் கணினிக்குள் கொண்டுவந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹலசூரில் எங்கள் வீட்டுக்குத் தமிழ் படிக்கப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆறாவதிலிருந்து எட்டாவது வரை படிப்பவர்கள். எழுத்துப் பாடம் முடிந்ததும் ஒரு மணி நேரம் நெம்புகோல், சாய்தளம், கப்பி, திருகு என்று திரையில் விளையாடுவோம். கிணற்றடியில் நின்று கயிறு இழுத்துப் பழகாத பிள்ளைகளுக்குத் திரையில் தெரிவதுதான் கப்பி. அதனால் திரையில் இருப்பது உண்மையான கப்பி மாதிரி கனக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

தொடங்கியது அல்கோடூவில். ஸ்வீடனின் ஊமியோ பல்கலைக்கழகத்தில் எமில் எர்னர்ஃபெல்ட் தன் முதுகலை ஆய்வுக்காக எழுதிய ஃபன் என்ற நிரல்தான் இதன் மூலம். 2008இல் அது வெளிவந்தது, அடுத்த ஆண்டு அல்கோரிக்ஸ் நிறுவனம் அதை அல்கோடூவாக மாற்றியது. இப்போது இலவசம். விண்டோஸ் உள்ள பழைய மடிக்கணினியிலும் ஓடும். பெட்டி வரை, வட்டம் வரை, அச்சாணி குத்து, ஓடவிடு, அவ்வளவுதான். பொருளின் மேல் வலது சொடுக்கு சொடுக்கினால் மரம், எஃகு, பனிக்கட்டி, ரப்பர் என்று மாற்றலாம். அடர்த்தியும் உராய்வும் கூடவே மாறும். விசை அம்புகளைக் காட்டச் சொன்னால் எங்கே எவ்வளவு தள்ளுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். லினக்ஸ்காரர்களுக்குக் கே.டி.இ. குழுவின் ஸ்டெப் என்ற இதே மாதிரி நிரல் இருக்கிறது. விளையாட்டை விட அளவெடுப்பதற்கு அது நல்லது.

நெம்புகோலுக்கு அல்கோடூவை அடிக்க ஆளில்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றம் ஒன்று கட்டினோம். ஒரு நீளப் பலகை, நடுவில் அச்சாணி, ஒரு முனையில் கல், மறு முனையில் தண்ணீர் மொள்ளும் சால். கல்லை அச்சாணிக்குப் பக்கமாக நகர்த்தினால் சால் கீழே போய்விடும், தள்ளி வைத்தால் சால் தானே மேலே வரும். கல்லை எங்கே வைத்தால் நிறைந்த சாலும் வெறும் சாலும் இரண்டுமே ஓரளவு லேசாக இருக்கும் என்று பிள்ளைகள் தாங்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். நிறைந்த சாலின் பாரத்துக்கும் வெறும் சாலின் பாரத்துக்கும் நடுவில் கல்லின் இழுப்பு நிற்க வேண்டும். அப்போது இறக்கும்போது கொஞ்சம் அழுத்த வேண்டும், ஏற்றும்போது கொஞ்சம் தூக்க வேண்டும். ஏற்றம் இறைத்தவர்கள் கை அனுபவத்தில் வைத்த இடம் அதுதான்.

சாய்தளமும் சுலபமாக முடிந்தது. சிக்கல் கயிற்றில் வந்தது.

அல்கோடூவில் கயிறு என்பது சின்னச் சின்னக் கண்ணிகளை அச்சாணியால் கோத்த சங்கிலி. அதை ஒரு வட்டத்தின் மேல் போட்டு, ஒரு முனையில் வாளியைக் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும். வாளியின் எடையைக் கூட்டக் கூட்டக் கயிறு ரப்பர் மாதிரி நீளத் தொடங்கும். கடைசியில் கண்ணிகள் பிரிந்து வட்டத்துக்குள் புகுந்துவிடும். காரணம் கணக்கிடும் முறையில் இருக்கிறது. இந்த வகை நிரல்கள் ஒரு நொடியைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு இணைப்பாகத் திருத்திக்கொண்டே போகும். நாற்பது கண்ணிக்குக் கீழே தொங்கும் வாளியின் பாரம் மேல் கண்ணிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தத் துண்டு நேரம் முடிந்துவிடும். கண்ணி லேசாகவும் வாளி கனமாகவும் இருந்தால் இன்னும் மோசம். இதே வகைக் கணக்கைப் போடும் பாக்ஸ்2டி என்ற நிரல் தொகுப்பின் கையேடே எடை விகிதம் பத்துக்கு ஒன்றைத் தாண்டினால் நிலைத்தன்மை குறையத் தொடங்கும் என்று எச்சரிக்கிறது. கண்ணியைப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறைப்பது, கண்ணியின் அடர்த்தியைக் கூட்டுவது, ஒரு நொடிக்கான கணக்கீட்டு எண்ணிக்கையை உயர்த்துவது மூன்றும் உதவும். ஒற்றைக் கப்பிக்கு இது போதும். நாலு கப்பிக்குப் போனால் கயிறு ஒரு கப்பியிலிருந்து வழுக்கி அடுத்ததில் மாட்டும். எது எதோடு மோத வேண்டும் என்று மோதல் அடுக்குகளைப் பிரித்துவைத்தும் திருப்தியாக வரவில்லை.

அதனால் நாலு கப்பிக்கு மட்டும் நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். உலாவியில் ஓடுவது, ஃபோனிலும் திறக்கும். அடியில் இருப்பது பிளாங்க் ஜேஎஸ், அதாவது பாக்ஸ்2டியை ஜாவாஸ்கிரிப்டில் திரும்ப எழுதியது. பாக்ஸ்2டியை எழுதியவர் எரின் காட்டோ. 2006இல் விளையாட்டு நிரலாளர் மாநாட்டில் விளக்கம் காட்ட எழுதிய சிறு நிரலிலிருந்து வளர்ந்தது. ஆங்கிரி பேர்ட்ஸில் பறவை மோதிப் பலகை சரிவதெல்லாம் இதன் கணக்குத்தான்.

இதில் கயிறே வேண்டாம். கப்பி இணைப்பு என்று ஒன்று தயாராக இருக்கிறது. இரண்டு பொருள், மேலே இரண்டு தொங்கு புள்ளி, ஒரு விகிதம் கொடுத்தால் போதும். ஒரு பக்க நீளத்தோடு மறு பக்க நீளத்தை விகிதத்தால் பெருக்கிக் கூட்டினால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும் என்பதுதான் அது காக்கும் ஒரே விதி. விகிதத்தை 4 என்று வைத்தால் கை நாலு மீட்டர் இழுக்க வாளி ஒரு மீட்டர் ஏறும், இழுப்பு காலாகக் குறையும். நாலு கப்பி இரண்டு வரியில் முடிந்தது. கயிறு நீளாது, நழுவாது. படத்துக்காகக் கயிற்றையும் உருளும் கப்பிகளையும் நான் தனியாக வரைந்துகொண்டேன்.

ஆனால் அது எடையில்லாத கயிறு, உராய்வில்லாத கப்பி. 2.5 கிலோவுக்கு ஒரு இம்மி கூடினால் வாளி ஏறும், ஒரு இம்மி குறைந்தால் இறங்கும். உலகத்தில் எந்தக் கப்பியும் அப்படி நடந்துகொள்ளாது.

சரி, உண்மையில் எவ்வளவு என்று அளந்துவிடலாம் என்று எஸ்.ஜே.பி. ரோட்டு இரும்புக் கடை ஒன்றில் 50 மில்லிமீட்டர் கப்பிகள் வாங்கினேன். தகட்டுக் கூட்டுக்குள் இரும்புச் சக்கரம், நடுவில் வெறும் ஆணி, பேரிங் கிடையாது. 6 மில்லிமீட்டர் நைலான் கயிறு. அளக்க, ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் தொங்கு தராசு. பெயிண்ட் வாளி, கொக்கி, வாளியோடு சேர்ந்து ஏறும் கீழ்க்கட்டுக் கப்பிகள் எல்லாம் சேர்த்துச் சரியாக 10 கிலோ வரும்வரை தண்ணீர் ஊற்றினேன். பிள்ளைகள் சுவரோரமாக நின்றார்கள். தொங்கும் பாரத்துக்குக் கீழே யாரும் வரக் கூடாது என்பது முதல் விதி.

முதலில் ஒற்றைக் கப்பி. கயிற்றுக்கும் கைக்கும் நடுவில் தராசைக் கட்டி மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் எண் எகிறிவிடும். சீராக இழுத்தாலும் கடைசி இலக்கம் குதித்துக்கொண்டே இருக்கும். அதனால் தராசின் முகத்தை ஃபோனில் படம் பிடித்து, பிறகு நிறுத்தி நிறுத்திப் படித்து, நடு எண்ணை எடுத்துக்கொண்டோம். ஏற்றும்போது 11.8 கிலோ, இறக்கும்போது 8.5. அதாவது ஒரு கப்பியைத் தாண்டும்போது கயிற்றின் இழுப்பு 100க்கு 85 ஆகிறது. ஆணியும் சக்கரமும் உராய்வதில் பெரும்பங்கு போகிறது, கயிறு வளைந்து நிமிர்வதில் கொஞ்சம் போகிறது.

இந்த ஒரு எண் கிடைத்துவிட்டால் நாலு கப்பிக்குக் கணக்குப் போட்டுவிடலாம். கை இழுக்கும் விசை முதல் கப்பியைத் தாண்டி வந்ததும் 0.85 பங்கு. இரண்டாவதைத் தாண்டினால் அதில் 0.85, அதாவது 0.72. அடுத்து 0.61, கடைசி இழையில் 0.52. கப்பிகளுக்கு நடுவே ஓடி வாளியைத் தாங்கும் கயிற்றின் நாலு இழையையும் கூட்டினால் 2.71 வருகிறது. இழுப்பைப் போல எத்தனை மடங்கு பாரம் ஏறும் என்பதுதான் இயந்திர லாபம். புத்தகம் சொல்வது 4, இங்கே 2.71. 10 கிலோவை 2.71ஆல் வகுத்தால் 3.7. மொட்டை மாடியில் தராசு காட்டியது அதேதான். எட்டாவது படிக்கும் பெண் தாளில் வகுத்து வைத்துக்கொண்டு தராசைப் பார்த்தாள். எண் பொருந்தியதும் அவள் முகத்தில் வந்த மலர்ச்சிக்காகவே இந்த வேலை தகும்.

இறக்கும்போது கணக்குத் தலைகீழ். ஒவ்வொரு இழையிலும் இழுப்பு கூடிக்கொண்டே போகும், உராய்வு நம் பக்கம் சேர்ந்து பாரத்தைத் தாங்கும். அதனால் 1.6 கிலோவில் பிடித்தாலே போதும்.

இதையே பேரிங் வைத்த கப்பிகளுக்கு மாற்றிப் பார்த்தோம். ஒரு கப்பிக்கு 0.85 இருந்தது 0.95க்கு வந்தது. ஏற்ற 2.8, இறக்க 2.2. பேரிங் விலை எதற்கு என்று கேட்டால் இந்த ஒரு அளவைக் காட்டலாம். எண்ணெய் விட்ட சாதாரணக் கப்பி இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும்.

இனி நிரல். பாக்ஸ்2டியின் கையேட்டில் ஒரு நல்ல உத்தி இருக்கிறது. இணைப்பில் மோட்டாரை ஓடவிட்டு, வேகத்தைச் சுழியம் என்று வைத்து, உச்ச விசையைச் சிறியதாகக் கொடுத்தால் அந்த மோட்டார் உராய்வாக வேலை செய்யும். நகராமல் இருக்கவே அது பார்க்கும், குறிப்பிட்ட விசையைத் தாண்டினால் தோற்றுவிடும். உராய்வு செய்வதும் அதைத்தானே. கைப் பக்கத்து முனையை மேலும் கீழும் மட்டும் நகரும் நேர்கோட்டு இணைப்பில் பூட்டி, இந்த மோட்டாரை அதில் வைத்தேன். உச்ச விசை எவ்வளவு? ஏற்றும்போது 3.7க்கும் 2.5க்கும் உள்ள வித்தியாசம் 1.2, பாரத்தில் 100க்கு 12. இறக்கும்போது 2.5க்கும் 1.6க்கும் 0.9, அதாவது 100க்கு 9. பாரம் மாறினால் உராய்வும் மாற வேண்டும் என்பதால் எண்ணை நிலையாக வைக்காமல் ஒவ்வொரு கணக்கீட்டிலும் பாரத்தால் பெருக்கிக் கொடுக்கிறேன். முனை நகர்ந்துகொண்டிருந்தால் அதன் திசையைப் பார்த்து 12 அல்லது 9. நின்றுகொண்டிருந்தால் இழுப்பு 2.5க்கு மேலா கீழா என்று பார்க்கிறேன்.

இதற்குப் பிறகு திரை வாளியின் நடத்தையே மாறிவிட்டது. விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் உடனே சரியாது, நிற்கும். இன்னும் தளர்த்தினால் இறங்கும். கையில் கயிறு பிடித்த எவருக்கும் அது தெரிந்த நடத்தை.

அடுத்து விரலின் பலம். இதுதான் இந்த நிரலில் எனக்கு மிகவும் பிடித்த இடம். விளையாட்டு நிரல்களில் பொருளை விரலால் இழுக்கும்போது விரலுக்கு ராட்சச பலம் இருக்கும். எதையும் எங்கேயும் தூக்கிவிடலாம். பிறகு கப்பி எதற்கு? பாக்ஸ்2டியில் விரலைப் பொருளோடு கட்டுவதும் ஒரு இணைப்புத்தான், அதற்கும் உச்ச விசை உண்டு. அதை 49 நியூட்டனுக்கு, அதாவது 5 கிலோ இழுப்புக்கு வைத்தேன். இப்போது 10 கிலோ வாளியை நேராகத் தொட்டு இழுத்தால் விரல் மேலே போகும், வாளி அசையாது. ஒற்றைக் கப்பியிலும் முடியாது. நாலு கப்பியில் ஏறுகிறது. உராய்வை அணைத்தால் 20 கிலோ வரை ஏறும், உராய்வைப் போட்டால் 13.5 கிலோவோடு நின்றுவிடும். “ஆன்ட்டி, 15 கிலோ போட்டேன், தூக்க மாட்டேங்குது” என்று ஒரு பையன் வந்தான். புத்தகப்படி தூக்க வேண்டுமே என்று அவனே சேர்த்துக்கொண்டான். நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி அது.

திரையின் ஓரத்தில் கணக்கைத் தமிழில் காட்டுகிறேன்: இழுத்த நீளம், ஏறிய உயரம், கை செய்த வேலை, வாளிக்குப் போனது, சூடாகப் போனது. 10 கிலோவை ஒரு மீட்டர் ஏற்றினால் வாளிக்குப் போனது 98 ஜூல், கை செய்தது 145 ஜூல். மீதி 47 ஜூல் ஆணியையும் கயிற்றையும் சூடாக்குகிறது.

இதே மாதிரி நிரல் எழுதுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பாக்ஸ்2டி 0.1 மீட்டர் முதல் 10 மீட்டர் வரையிலான நகரும் பொருள்களுக்காகப் பக்குவப்படுத்தப்பட்டது. திரையின் ஒரு புள்ளியை ஒரு மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் 300 புள்ளி உயரத்திலிருந்து விழும் வாளி, 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது போல ஏறக்குறைய எட்டு நொடி எடுக்கும். எல்லாம் பஞ்சு மாதிரி மிதக்கும். 100 புள்ளியை ஒரு மீட்டராக வையுங்கள். இன்னொன்று, திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் கணக்கை ஒரு அடி நகர்த்தினால், நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் ஃபோனில் வாளி இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். கடந்த நேரத்தைச் சேர்த்துவைத்து, 1/60 நொடித் துண்டுகளாகச் செலவழிக்க வேண்டும்.

உராய்வைச் சேர்த்ததில் திருகு ஜாக்கியையும் விளக்க முடிந்தது. காரைத் தூக்கிவிட்டுக் கையை எடுத்தால் ஜாக்கி ஏன் தானே சுழன்று இறங்கவில்லை? திருகில் உராய்வு அவ்வளவு இருக்கிறது. நாம் கொடுக்கும் வேலையில் பாதிக்கு மேல் உராய்வுக்கே போகும்படி இருந்தால் பாரத்தால் திருகைத் திருப்பி ஓட்ட முடியாது. உராய்வை அணைத்துவிட்டுத் திரையில் ஜாக்கியை வைத்தால் கார் சர்ரென்று கீழே வந்துவிடும். மரத்தில் அடித்த ஆப்பு வெளியே வராமல் நிற்பதும் இதே காரணம்தான். இந்த இரண்டும் வேலை செய்வதே உராய்வினால்தான் என்பதை அந்த ஒரு பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

கீழ் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். கோலார் தங்க வயலில், சுரங்கக் கூண்டுகளைக் கயிற்றில் ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். 2001இல் சுரங்கத்தை மூடும் முன்பே பெங்களூருக்கு வந்துவிட்டார். ஒரு நாள் மேலே வந்து திரையைப் பொறுமையாகப் பார்த்தார். “எல்லாம் சரிம்மா. கயிறு எடையே இல்லாம தொங்குதே? எங்க ஊர்ல கயிறே பெரிய பாரம்” என்றார்.

அவர் சொன்னது வீட்டு வாளிக்குப் பொருட்டில்லை. சுரங்கத்துக்கு அதுதான் எல்லாம். 30 மில்லிமீட்டர் எஃகுக் கயிறு மீட்டருக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. ஒரு கிலோமீட்டர் தொங்கினால் மூன்றரை டன். கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல்.

உடனே சேர்த்தேன். கப்பி இணைப்பிடம் கேட்டால் இரு பக்கமும் இப்போது எவ்வளவு நீளம் தொங்குகிறது என்று சொல்லும். அந்த நீளத்தை மீட்டர் எடையால் பெருக்கி, கீழ்நோக்கிய விசையாக ஒவ்வொரு கூண்டின் மேலும் கொடுத்தேன். திரையின் 10 மீட்டர் சுரங்கத்தில் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன், அதனால் பாக்ஸ்2டிக்கும் தொந்தரவில்லை. விகிதம் 1, இரு பக்கமும் ஒரே எடையுள்ள கூண்டுகள். தொடக்கத்தில் கீழே நிற்கும் கூண்டின் பக்கம் கயிறு நீளம், அதைக் கிளப்பவே பெரிய விசை வேண்டியிருக்கிறது. பாதி வழியில் இரு பக்கமும் சமம். பாதியைத் தாண்டியதும் இறங்கும் பக்கத்துக் கயிறு நீண்டு, பாரம் கூடி, கூண்டு தானாகவே வேகமெடுக்கிறது. பிரேக் இல்லாவிட்டால் போய் அடியில் மோதும்.

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு விளக்கினார். இரண்டு கூண்டின் அடியையும் இன்னொரு கயிற்றால் இணைத்துத் தொங்கவிட்டால் இரு பக்கமும் கயிற்றின் எடை எப்போதும் ஒன்றாகிவிடும். இன்னொரு வழி, கயிறு சுற்றும் உருளையைக் கூம்பாகச் செய்வது. கீழே இருக்கும் கூண்டு கிளம்பும்போது அதன் கயிறு சிறிய ஆரத்தில் சுற்றும், மேலே வர வர ஆரம் பெரிதாகும். சுரங்கங்களில் இரண்டு முறையும் உண்டு.

அடிக்கயிற்றை அன்றே நிரலில் போட்டுவிட்டேன், கூண்டு ஓடிப்போவது நின்றது. பிரேக்குக்கும் அந்த வேகம் சுழியமான மோட்டாரையே பயன்படுத்தினேன், உச்ச விசையை ஒரு நெம்புகோலோடு இணைத்து. கூம்பு உருளைக்கு விகிதம் ஓட்டத்தின் நடுவே மாற வேண்டும். கப்பி இணைப்பில் விகிதத்தை உருவாக்கும்போது மட்டும்தான் கொடுக்க முடியும் என்பதால் அதற்குத் தனியாக ஒரு கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். உருளையின் ஆரங்களைப் பெரியவர் ஒரு தாளில் வரைந்து கொடுத்திருக்கிறார்.